ஆமாடப்பெட்டி: அமைப்பும் பெயரும் பெயர்ப்பும்

1. முன்னுரை

கேரளத்தின் பழைய மரப்பெட்டிகளுள் ஆமாடப்பெட்டி தனித்த வடிவுடையது. தலச்சேரியை அடுத்த நெட்டூரின் பெயரால் நெட்டூர்ப்பெட்டி எனவும் இது வழங்கும். மலையாளத்திலிருந்து தமிழாக்கம் செய்வோர்க்கு 'நகைப்பெட்டி' என்பதே இதற்கு எளிதில் கைவரும் நிகரன். இந்நிகரன் பெட்டியின் பயனைச் சுட்டுகிறது. அதன் அமைப்பையும் பெயர் வரலாற்றையும் மறைத்துவிடுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், தமிழும் மலையாளமும் ஒருசேர வழங்கும் ஓர் இல்லத்தில் காக்கப்பட்டுவரும் பெட்டியொன்றை முன்வைத்து இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

2. அமைப்பு

பெட்டியின் அடிப்பகுதி படிப்படியாகச் செதுக்கிய சட்டங்களால் ஆனது; கோயிற் கட்டடத்தின் அடித்தளத்தை நினைவூட்டுவது. அதன்மேல் நான்கு பக்கப் பலகைகள் நிற்கின்றன. மூடி தட்டையானதன்று. நான்கு சரிவுகளாக எழுந்து உச்சியில் குறுகும் அது, கேரளத்து வீடுகளுக்கும் கோயில்களுக்கும் உரிய கூரையின் சிறு வடிவம் எனலாம். உச்சியில் பித்தளைக் கைப்பிடி உள்ளது. மூலைகளையும் இணைப்புகளையும் பித்தளைப் பட்டைகள் இறுகப் பற்றியுள்ளன. கடற்கரை ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை நீடிக்கும். எனவே இப்பட்டைகள் அணி மட்டுமல்ல, காப்பும் ஆகும்.

மரம் ஈட்டி, தமிழில் தோதகத்தி என்றும் வழங்குவது. மரத்தின் மேல் செந்நிற அரக்குப் பூச்சும், அதன்மீது மஞ்சளிலும் கருப்பிலும் கொடிக்கோலங்களும் காணப்படுகின்றன. ஆங்கிலக் குறிப்புகளைத் தழுவி இதனை 'வண்ணம் தீட்டிய பெட்டி' என எழுதினால், சுவரோவியம் போன்ற ஒன்றையே வாசகர் எண்ணுவர். அரக்கோ ஈரம் மரத்துள் புகுவதைக் குறைத்து, பலகை விரிந்து சுருங்குவதைத் தணிப்பது. ஆகவே 'அரக்குப் பூசிய' என்னும் தொடரே செய்முறையையும் உடன் உணர்த்தும்.

3. பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளர் எழுதித் தந்த ஒரு விளக்கக் குறிப்பில், 'மாடத்தின் உருவில் அமைந்தமையால் இப்பெயர் பெற்றது' என்ற தொடர் இடம்பெற்றது. அது பிழை. பிழைக்கான காரணம் மொழியியல் நோக்கில் கருதத் தக்கது. மாடம் + பெட்டி என்பது மாடப்பெட்டி எனப் புணரும். மாட + பெட்டி என்பதும் அவ்வாறே நிற்கும். தொகையில் இரண்டும் வேறுபாடு இழக்கின்றன. கூரை வடிவ மூடியும் கண்முன் இருக்க, மாடம் என்ற பொருள் தானே வந்து பொருந்திவிடுகிறது.

ஆனால் ஆமாட என்பது மலையாளத்தில் பொன் நாணயம் ஒன்றின் பெயர். தமிழில் ஐகார ஈறு பெறும் சொற்கள் மலையாளத்தில் அகர ஈறு பெறுதல் (தலை : தல, மலை : மல) நன்கு அறியப்பட்டது. அம்முறையில் மாட என்பதற்கு நேரான தமிழ் வடிவம் மாடை ஆகும். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'மதுராந்தகன் மாடை' எனப் பொன் நாணயப் பெயராக இது பயின்று வருதல் ஒப்புநோக்கத் தக்கது. எனவே பெட்டியின் பெயர் வடிவால் வந்ததன்று. உள்ளே வைக்கப்பட்ட செல்வத்தால் வந்தது.

4. நிகரன் தேர்வு

'பெட்டி' ஈறாகிய தமிழ்த் தொகைகளின் முன்னுறுப்பு ஒரே வகையினதன்று. அஞ்சறைப்பெட்டி அமைப்பாலும், இரும்புப்பெட்டி மூலப்பொருளாலும், வெற்றிலைப்பெட்டி உள்ளடக்கத்தாலும் பெயர் பெற்றவை. இவ்வரிசையில் நெட்டூர்ப்பெட்டி இடத்தாற் பெயர் பெற்றது. ஆமாடப்பெட்டி உள்ளடக்கத்தாற் பெயர் பெற்றது. ஒரே பொருளுக்குரிய இவ்விரு பெயர்களையும் 'நகைப்பெட்டி' என ஒன்றாக்கும்போது, ஊரும் நாணயமும் ஒருங்கே மறைகின்றன.

'பேழை' எனல் தகுமோ எனின், அச்சொல் தமிழில் நடைவேறுபாட்டைக் காட்டுமேயன்றி அமைப்புவேறுபாட்டைக் காட்டாது. விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'உடன்படிக்கைப் பெட்டி' என்று வழங்கியது 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'உடன்படிக்கைப் பேழை' ஆயிற்று. பொருள் மாறவில்லை, சொல்லின் மதிப்பே உயர்ந்தது. ஆமாடப்பெட்டிக்கு வேண்டுவது உயர்வன்று, தெளிவு.

5. முடிவுரை

ஆமாடப்பெட்டி என்ற சொல்லை அவ்வாறே ஏற்று, முதலில் வருமிடத்து 'கூரை வடிவ மூடியும் பித்தளைப் பட்டைகளும் கொண்ட பெட்டி' என ஒருமுறை விளக்கிச் செல்வதே தக்கது. தமிழ் ஒலியமைப்புக்கும் புணர்ச்சிக்கும் அது முற்றிலும் இயைந்த சொல்.

ஹெர்மன் குண்டர்ட் வாழ்ந்த இல்லிக்குன்னு நெட்டூர்ப் பகுதியிலேயே உள்ளது. மக்களிடம் கேட்டுத் திரட்டிய சொற்களைக் கொண்ட அவரது மலையாள அகராதி 1872இல் வெளிவந்தது. கைவினைச் சொற்களைத் தொகுப்போர்க்கும் பெயர்ப்போர்க்கும் அவ்வழியே இன்றும் உரியது. ஸ்ரீவராகத்து இல்லத்தில் மூத்தோர் 'ஆமாடப்பெட்டி' என்கின்றனர். இளையோர் 'பழைய பெட்டி' என்கின்றனர். பெட்டி நிலைத்திருக்கிறது, பெயர் ஒரு தலைமுறைக்குள் தேய்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இத்தேய்வுக்குத் துணைபோதல் கூடாது.