சோப்பில் செலேட்டர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வீட்டில் சோப்பு செய்து விற்பவர்கள் பலர் ஒரு வாக்குறுதி தருகிறார்கள்: "ஈடிடிஏ போட்டிருக்கோம், போர் தண்ணியிலயும் நல்லா நுரைக்கும்." கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பெரும்பாலும் நிற்பதில்லை.

உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடுகின்றன. பக்கெட்டின் ஓரத்தில் படியும் வெள்ளை அழுக்கு அதுதான். ஈடிடிஏ போன்ற செலேட்டர் அந்த உலோகங்களை முந்திப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் ஈடிடிஏவின் ஒரு மூலக்கூறு ஒரே ஓர் அயனியைத்தான் பிடிக்கும். எண்ணெய் எடையில் 0.5 சதவீதம் என்ற வழக்கமான அளவில், 100 கிராம் கட்டியில் இருப்பது சுமார் 0.4 கிராம். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீரில், முழுக் கட்டியிலுள்ள ஈடிடிஏவும் சேர்ந்து ஒரு டம்ளரைக்கூட முழுதாக மென்மையாக்காது. சிட்ரேட்டைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்பதால் சற்றுத் தேவலை. ஆனால் அதன் பிடி தளர்வு. நுரைதான் குறி என்றால் தேங்காய் எண்ணெயைக் கூட்டுவது மேல். அந்தச் சோப்பு கடல்நீரிலும் நுரைக்கும்.

செலேட்டரின் உண்மையான பலன் வேறிடத்தில் இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் தவிட்டெண்ணெயும் சேர்த்த சோப்பு சில மாதங்களில் சிக்கு வாடை அடித்து, ஆரஞ்சுப் புள்ளிகள் விடுவதைச் செய்பவர்கள் அறிவார்கள். இரும்பும் செம்பும் துளியளவு இருந்தாலே எண்ணெய் காறிப்போவது வேகமாகும். இங்கே எதிரி துளியளவு என்பதால் துளியளவு செலேட்டரே போதும். இதற்காகச் சேர்ப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், கார நீர் கலக்க டிஸ்டில்டு வாட்டரும் எவர்சில்வர் பாத்திரமும் ஏற்கெனவே இருந்தால்.

சிட்ரேட்டுக்காகச் சேர்க்கும் சிட்ரிக் அமிலத்தில் ஒரு பொறி உண்டு. 10 கிராம் அமிலம் 6.24 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 20 கிராம் அமிலம் போட்டுவிட்டுக் காரத்தைக் கூட்டாமல் விட்டால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய, சோப்பாகாத மிச்ச எண்ணெய் ஏறக்குறைய 12 சதவீதமாகிவிடும். காறுவதைத் தடுக்கச் சேர்த்த பொருளே, காறக்கூடிய எண்ணெயைக் கட்டிக்குள் கூட்டிவைக்கிறது. குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஈடிடிஏ மீதான நியாயமான குறை, அது கழிவுநீரில் எளிதில் மக்காது என்பது. மக்கக்கூடிய சிட்ரேட், ஜிஎல்டிஏ போன்ற செலேட்டர்கள் இருக்கும்போது குளியல் சோப்புக்கு ஈடிடிஏவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிரீம், கற்றாழை ஜெல் விஷயத்தில் தராசு வேறு பக்கம் சாய்கிறது. தண்ணீரும் தாவரச் சாறும் உள்ள இவற்றில் கிருமி வளரும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஈடிடிஏ உருவிவிடுவதால், பிரிசர்வேட்டிவ் உள்ளே நுழைவது எளிதாகிறது. 0.1 சதவீதமே போதும். ஆனால் அது துணைதான். "கெமிக்கல் இல்லை" என்று லேபிள் ஒட்டுவதற்காகப் பிரிசர்வேட்டிவை நீக்கிவிட்டுச் செலேட்டரை மட்டும் நம்பி விற்கும் ஜெல்லை, சிரங்கோ வெட்டுக்காயமோ உள்ள தோலில் தடவக் கூடாது.