'ஆள்' என்ற சொல்லும் 'பிரசை' என்ற சொல்லும்

இலக்கிய விமர்சனத்துக்குரிய இப்பக்கங்களில் அரசியல் யாப்பொன்றை ஆராய முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். யாப்பும் சொற்களால் ஆனதே. அச்சொற்களைக் கூர்ந்து வாசிக்கும் பொறுப்பைச் சட்டத்தரணிகளிடம் மட்டும் ஒப்படைத்துவிட நாம் விரும்பவில்லை.

எமது பாடசாலைகளில் அடிப்படை உரிமைகள் பட்டியலாகவே கற்பிக்கப்படுகின்றன. மாணவர் மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். அவ்வுரிமை யாருடையது என்ற வினா எழுவதேயில்லை.

1978ஆம் ஆண்டு யாப்பின் மூன்றாம் அத்தியாயத்தை ஊன்றிப் படிப்போர், அதன் எழுவாய் இடையில் மாறுவதைக் காண்பர். சிந்தனைச் சுதந்திரமும், சித்திரவதைக்கு உட்படாதிருக்கும் உரிமையும், சட்டத்தின்முன் சமத்துவமும் 'ஆள்' எவருக்கும் உண்டு. பேச்சு, கூட்டம், தொழிற்சங்கம், விரும்பிய இடத்தில் வசித்தல் என்று வந்ததும் 'ஆள்' மறைந்து 'பிரசை' தோன்றுகிறார்.

இவ்வேறுபாட்டின் பொருளை அறிய மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் செல்லவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கையிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கு பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும். லயத்திற் பிறந்து லயத்திலேயே மடிந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழை யார் எழுதி வைத்தார்கள்? 1949இல் வாக்குரிமையும் பிரசைகளுக்கே என்றாயிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை.

அக்காலத்தில் பாதுகாப்பு இல்லாமலில்லை. ஓரினத்தவர்மீது மட்டும் பாதகம் சுமத்தும் சட்டத்தைச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. ஆனால் பிரசாவுரிமைச் சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. கோடாக்கன் பிள்ளை வழக்கு 1953இல் பிரிவிக் கவுன்சில்வரை சென்றும், தன் பிரசைகள் யாரென வகுப்பது அரசின் இயல்பான அதிகாரமே என்று முடிந்தது.

உரிமைகள் யாவும் முதலாளித்துவத்தின் ஏட்டுச் சுரைக்காய் என்பர் எம் நண்பர் சிலர். வாக்கிழந்த தொழிலாளியின் ஒழுகும் கூரையைப் பற்றிப் பாராளுமன்றத்திற் கேட்க யாருக்கு அவசியம் இருந்தது? தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லையா? 1948இல் அச்சட்டத்தை எதிர்த்தது இடதுசாரி இயக்கம். அது எமக்குப் பெருமையே. ஆனால் அவ்வியக்கத்தின் தலைவருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அமைச்சராயிருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டு யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை. உரிமைகள் அத்தியாயமொன்று இருந்தது. உரிமை மீறப்பட்டவர் நேரே சென்று முறையிடும் வழி அதில் வகுக்கப்படவில்லை. இதை வாய்திறந்து சொல்ல நாம் இன்னும் தயங்குகிறோம்.

1978ஆம் ஆண்டு யாப்பு நாடற்றோரை முற்றாக மறக்கவில்லை. பேச்சுரிமை உள்ளிட்டவற்றை அவர்களுக்கும் அளித்தது, பத்தாண்டுகளுக்கு! பேசும் உரிமைக்கும் ஒரு தவணை. 1988ஆம் ஆண்டின் விசேட சட்டத்துக்குப் பின்னரும் எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர்.

இன்று அவர்களும் பிரசைகள். உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தை நாடலாம். நாட்சம்பளத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு அந்த ஒரு மாதம் எத்தகையது என்பதை எமது பாடநூல்கள் கூறுவதில்லை. அடுத்த தவணையில் எம் வகுப்பு மாணவரிடம் அந்த அத்தியாயத்தைக் கொடுத்து, 'ஆள்', 'பிரசை' என வரும் இடங்களிலெல்லாம் கோடிடச் சொல்ல எண்ணியுள்ளோம்.