படலைக்கு வெளியே ஓர் ஒத்திகை

யாழ்ப்பாணத்து நாடகம் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் மேடையில் தொடங்கி மேடையிலேயே முடிந்துவிடுகின்றன. எழுத்துருவின் கருத்துநிலை, நெறியாள்கையின் உத்தி, ஆற்றுகையின் வெற்றி தோல்வி ஆகியனவே அவற்றின் அக்கறைகள். நாடகம் மேடையேறுமுன் கழிந்த மாலைப்பொழுதுகளும் உள. அம்மாலைகளுக்காக வீட்டுப் படலையைத் திறந்து வெளியே வந்தவர் யாவர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கிடுகு வேலி வெறும் மறைப்பாக அன்றி ஒழுக்கக் கோட்பாடாகவும் இயங்கிய ஒரு சமூகத்தில் இவ்வினா சிறியதன்று.

பொழுதுபோக்காக நாடகம் பயின்றோர் இங்கு முன்னரும் இருந்தனர். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையை முன்மாதிரியாகக் கொண்டு கலையரசு க. சொர்ணலிங்கம் 1913இல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையைத் தொடக்கினார். ‘கூத்தாடி’ என்ற இழிசொல்லுக்கு அஞ்சிய கற்றோரை மேடைக்கு அழைத்துவந்த பெருமை இத்தகைய சபைகளுக்கு உண்டு. எனினும் வெளியே வந்தோர் ஆண்களே. பெண்பாத்திரங்களையும் அவர்களே தாங்கினர். கிராமத்துக் கூத்திலும், நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்திலும் நிலைமை வேறன்று. சந்திரமதிக்காக விடியவிடியக் கண்ணீர் சிந்திய பெண்கள் பாயிலேதான் இருந்தனர்.

1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். தொழிலால் ஆசிரியரான அவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா பயின்று மீண்டவர். அரங்க விளையாட்டுக்களும் களப்பயிற்சியும் இங்கு வசனம் மனனஞ் செய்வதிலும் முதன்மை பெற்றன. வட்டமாக நின்று கைகோத்து, குரலை உரத்து எழுப்பி, அயலவரின் கண்ணை நேரே நோக்கப் பழகுதல் பிற ஊர்களில் எளிய பயிற்சியாக இருக்கலாம். மெல்லப் பேசவும் தலை குனியவும் வளர்க்கப்பட்டோர்க்கு அது வேறொரு உடலைக் கற்றுக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இதன் பயன் 1985இல் வெளிப்பட்டது. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் பல்கலைக்கழக மாணவ மாணவியரால் ஆற்றுகை செய்யப்பட்டு, குடாநாட்டுக் கிராமங்கள்தோறும் கொண்டுசெல்லப்பட்டது. அதன் அரசியல் பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டாயிற்று. போர் சூழ்ந்த அவ்வாண்டில், பொழுதுபட்டபின் வீடு திரும்பும் மகளைப் பற்றிய அச்சம் அயலாரின் நாவுக்கு அஞ்சியது மட்டும் அன்று. அவ்வச்சத்தைத் தாண்டி மாணவியர் முன்பின் அறியாத ஊர்களின் முற்றங்களில் நின்றனர் என்பது, நாடகத்தின் எந்தக் காட்சிக்கும் குறையாத செய்தியாகும். பிள்ளையை எண்ணிக் காத்திருக்கும் தாய்மாரை மேடையில் காட்டியோரின் சொந்தத் தாய்மாரும் அவ்விரவுகளில் காத்துத்தான் இருந்திருப்பர்!

மின்சாரமற்ற 1992இல் வந்த ‘எந்தையும் தாயும்’ மறுதலையான நிலையைப் பேசிற்று. பிள்ளைகள் புலம்பெயர, வீட்டையே உலகாகக் கொண்டு எஞ்சிய முதியோரே அதன் பொருள். வீட்டைவிட்டு நீங்காதவரின் கதையைக் கூற ஓர் இளைஞர் கூட்டம் வீட்டைவிட்டு வந்து கூடவேண்டியிருந்தது. கடிதத்தை மட்டுமே எதிர்பார்த்திருந்த தலைமுறையின் தனிமையை அவையோர் ஒருங்கிருந்து கண்டபோது, அது குடும்ப இரகசியமாக இருக்கும் தன்மையை இழந்தது. சண்முகலிங்கத்தின் நாடகங்களுள் ஆரவாரம் குறைந்த இதுவே காலத்தால் தேயாதிருப்பது.

இவ்வரங்க இயக்கத்தினர் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை வெறுத்தனர். சென்னைச் சினிமாவின் சாயலில் எழுந்த மலினமான நகைச்சுவை நாடகங்களிலிருந்து தம்மைப் பிரித்துக்காட்ட அவ்வெறுப்பு தேவைப்பட்டிருக்கலாம். ஆயின் ஊதியமோ சான்றிதழோ கருதாது, விருப்பம் ஒன்றாலேயே கூடினர் என்பதே அவர்தம் வலிமை. அவ்வகையில் அது பொழுதுபோக்கே. இன்று ‘நாடகமும் அரங்கியலும்’ உயர்தரப் பரீட்சைப் பாடம், பல்கலைக்கழகத்திலும் பட்டப்படிப்பு. இதனால் கலைக்குக் கிடைத்த மதிப்பை எவரும் மறுக்கார். எனினும் அரங்க விளையாட்டின் பயன்களை ஐந்து புள்ளிகளில் எழுதப் பயின்ற மாணவி, அவ்விளையாட்டை ஒருமுறையேனும் ஆடாமலே சித்தியெய்த இயலும். ரியூஷன் வகுப்புக்குச் செல்லவும் அவள் படலையைத் திறக்கிறாள். அங்கே வாங்கில் வரிசையாக அமர்ந்து, முன்னிருப்பவளின் முதுகைப் பார்த்துக் குறிப்பெழுதித் திரும்புகிறாள்.