கோட்டைக்குள் ஒரு பயிற்சிப் பள்ளி

வேலூர்க் கோட்டைக்குள் காவலர் பயிற்சிப் பள்ளி. பாலாற்றைத் தாண்டிக் காட்பாடிப் பக்கம் வந்தால், சேவூரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 15-ஆம் பட்டாலியன். காவல்துறை தன் கட்டடங்களை எப்படி நடத்துகிறது என்று எடைபோட இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கோட்டையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் புழங்காத பழைய கட்டடம் சீக்கிரம் பாழாகிவிடும்; காக்கிச் சட்டைகள் புழங்கியதால் காவலும் கவனிப்பும் கிடைத்தன. பயிற்சிக்கு வருபவர் கற்க அங்கே வரலாறும் இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது அந்த மதில்களுக்குள்தான். திருநீறு கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று, கீழே நிற்பவனின் மனத்தை அறியாமல் மேலிருந்து போட்ட உத்தரவுகள் அதற்கு முக்கியக் காரணம். காவலர் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

ஆனால் பாடம் வேறு, வகுப்பறை வேறு. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-இல் வந்த திருத்தமும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். இது சரியான சட்டம், தளர்த்தக் கூடாது. ஆனால் இதன்படி அங்கே புது விடுதி எழுப்ப முடியாது, சைபர் குற்ற ஆய்வகம் கட்ட முடியாது, பெண் பயிற்சியாளர்களுக்கென ஒரு குளியலறைத் தொகுதியைக்கூட நினைத்த இடத்தில் போட முடியாது. தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-இல். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அவர்களுக்கான வசதியைச் சலுகையாகப் பேசுவது தகாது.

கட்டுவதற்கு ஆள் இல்லாமலா? 1981-இலேயே தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் உருவாகிவிட்டது. சொந்தப் பொறியாளர்களோடு குடியிருப்பும் காவல் நிலையமும் கட்ட ஒரே அமைப்பு என்பது பெரிய பலம். ஆயினும் எத்தனை கட்டடம் திறந்தோம் என்பதே சாதனைக் கணக்காகிவிடுகிறது. முதலமைச்சர் காணொலியில் திறந்து வைக்கும் நாள் செய்தியாகிறது. சில வருடம் கழித்து மாடித் தொட்டி ஒழுகுவது செய்தியாவதில்லை. பாலாற்றங்கரை நிலையங்களில் மணல் கடத்தல் வழக்கில் பிடித்த மாட்டுவண்டியும் டிராக்டரும் வாசலிலேயே மக்கிக் கிடக்கும். புகார் கொடுக்க வந்த அம்மாள் அவற்றுக்கு இடையில் ஒதுங்கி நிற்பார். பறிமுதல் வாகனத்துக்கும் காத்திருப்பவருக்கும் தனி இடம் ஒதுக்காத வரைபடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பயனில்லை. எல்லா நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும், லாக்கப்பும் அதில் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதற்கேற்ற வயரிங், தடையில்லா மின்சாரம், பதிவுகளை வைக்கும் அறை எல்லாமே கட்டடத்தின் வேலைதான்.

2015 ஜூனில், போலீஸ் விசாரணைக்குப் போய்வந்த ஒருவர் இறந்ததை அடுத்து ஆம்பூர் எரிந்தது. தோல் தொழிலால் வாழும் அந்த ஊர்க்காரர்களும் காவலர்களும் அன்று பட்ட காயம் சின்னதல்ல. விசாரணை எங்கே, யார் கண் முன்னால், எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதாது. ரைட்டர் அறை, லாக்கப், வரவேற்பு மேசை எல்லாம் அச்சு அசலாக அமைந்த ஒரு மாதிரிக் காவல் நிலையம் பயிற்சிப் பள்ளிக்குள்ளேயே வேண்டும். சுமார் 7 மாதப் பயிற்சியில் கவாத்துக்கு மைதானம் எவ்வளவு அவசியமோ, இதுவும் அவ்வளவு அவசியம்.

அதைக் கோட்டைக்குள் கட்ட வழியில்லை. சேவூரில் பட்டாலியனை ஒட்டி இடம் ஒதுக்கலாம். காட்பாடி ரயில் சந்திப்பும் பக்கத்தில் இருப்பதால் வெளிமாவட்டப் பிள்ளைகள் வந்துபோகவும் சுலபம். நிறைவு அணிவகுப்பை மட்டும் வேலூர் நகரத்திலேயே வைத்துக்கொள்ளட்டும், பெற்றோர் வந்து பார்க்க. திட்ட மதிப்பீடு போடும்போதே அடுத்த இருபது ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே அரசாணை வர வேண்டும். அது இல்லாத கோப்பை நிதித்துறை திருப்பி அனுப்ப வேண்டும்.