இணைகதையுலகமும் பழுவூரும்: சோழர் வரலாற்றுப் புதினங்களில் கதைமாந்தர் பகிர்வு

ஆய்வுச்சுருக்கம்

தனித்தனிப் படைப்புகள் ஒரே காலவரிசையையும் ஒரே மாந்தரையும் பகிர்ந்துகொள்ளும் கதையமைப்பு, இன்று மார்வெல் திரைப்படங்களாலும் தொலைக்காட்சித் தொடர்களாலும் பரவலாக அறியப்படுகிறது. இவ்வமைப்பு தமிழுக்குப் புதிதன்று. சோழர் வரலாற்றை மையமிட்ட புதினங்கள் பல ஆசிரியர் கைகளில் இத்தகைய உலகம் ஒன்றை உருவாக்கியுள்ளன. அவ்வுலகில் அரியலூர் மாவட்டத்துப் பழுவூர் பெறும் இடத்தைக் கல்வெட்டுச் சான்றுகளோடு ஒப்பிட்டு, கதையுலகத்தின் உள்விதி வரலாற்று அறிவின் மீது செலுத்தும் தாக்கத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: இணைகதையுலகம், வரலாற்றுப் புதினம், கல்கி, பழுவேட்டரையர், கங்கைகொண்ட சோழபுரம், சிறுவாச்சூர்.

முன்னுரை

வரலாற்றுப் புதினங்கள் குறித்த தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் இரண்டு நிலைப்பாடுகளில் நின்றுவிடுகிறது. புதினம் வரலாற்றுக்கு உயிரூட்டியது எனப் போற்றுவது ஒன்று. புதினம் வரலாற்றைத் திரித்தது எனக் குறைகூறுவது மற்றொன்று. இரண்டும் தனியொரு நூலை எடுத்து, அதைச் சான்றுகளோடு ஒப்பிட்டு முடிவு கூறுகின்றன. ஆனால் சோழர் புதினங்களைப் படிக்கும் வாசகர் தனியொரு நூலுக்குள் நிற்பதில்லை. ஒரு நூலில் இளைஞராகக் கண்டவரை வேறோர் ஆசிரியரின் நூலில் முதியவராகக் காண்கிறார். திரையிலும் அவரையே எதிர்பார்க்கிறார். எனவே நூல்களுக்கு இடையே உருவாகும் உலகத்தையே ஆய்வுப்பொருளாகக் கொள்ளவேண்டியுள்ளது. அவ்வுலகத்தின் நிலப்பரப்பில் பழுவூரும் கங்கைகொண்ட சோழபுரமும் முதன்மையானவை. இவ்விரண்டும் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளன.

இணைகதையுலகத்தின் கூறுகள்

2008ஆம் ஆண்டில் வெளிவந்த அயர்ன் மேன் தொடங்கி, 2012இல் அவெஞ்சர்ஸ் படத்தில் ஒன்றுகூடிய மார்வெல் வரிசையை வைத்து நோக்கினால், இணைகதையுலகத்திற்கு மூன்று கூறுகள் இன்றியமையாதவை எனலாம். முதலாவது, எல்லாப் படைப்புகளுக்கும் பொதுவான காலவரிசை. இரண்டாவது, ஒரு படைப்பின் மாந்தர் மற்றொன்றில் மீண்டும் வருதல். மூன்றாவது, எது இவ்வுலகில் நடந்தது, எது நடக்கவில்லை என்று முடிவு செய்யும் அதிகாரம். மார்வெலில் இவ்வதிகாரம் உரிமை பெற்ற நிறுவனத்திடம் உள்ளது.

மூன்றாம் கூறு சமனற்ற உறவுகளை உண்டாக்குவது கவனிக்கத்தக்கது. 2013இல் தொடங்கிய ஏஜெண்ட்ஸ் ஆஃப் ஷீல்ட் தொலைக்காட்சித் தொடர், திரைப்படங்களில் நிகழ்ந்தவற்றை ஏற்றுத் தன் கதையை மாற்றிக்கொண்டது. அத்தொடரில் நிகழ்ந்தவற்றைத் திரைப்படங்கள் அவ்வாறு பொருட்படுத்தவில்லை. 2021இல் வந்த வாண்டாவிஷன் தொடரின் விளைவுகள் அடுத்த ஆண்டு டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் திரைப்படத்தில் தொடர்ந்தபோதுதான் இருவழி உறவு வெளிப்படையாயிற்று. ஆகவே இணைகதையுலகத்தில் எது எதனைக் கட்டுப்படுத்துகிறது என்னும் வினா, எவர் எவரைச் சந்திக்கிறார் என்னும் வினாவைக் காட்டிலும் அடிப்படையானது.

தமிழ்த் திரையில் லோகேஷ் கனகராஜின் கைதி (2019), விக்ரம் (2022), லியோ (2023) ஆகியவை இவ்வமைப்பைப் பின்பற்றின. விக்ரம், கைதியின் மாந்தரை ஏற்றதோடு 1986இல் அதே பெயரில் வந்த படத்தின் நாயகனையும் தன்னுள் கொண்டுவந்தது. எனினும் இங்கும் அதிகாரம் இயக்குநர் ஒருவரிடமே குவிந்துள்ளது. சோழர் புதினங்களின் நிலை இதனின்றும் வேறுபட்டது.

தமிழ் மரபில் பகிரப்பட்ட கதைகள்

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படுவதற்குக் கதைத்தொடர்ச்சியே முதற்காரணம். இரு ஆசிரியர், இரு சமயச் சார்பு, ஒரே குடும்பத்தின் கதை என்னும் இவ்வமைப்பு, ஓர் ஆசிரியரின் உலகை மற்றொருவர் தம் நோக்கத்திற்கேற்ப விரிக்க இயலும் என்பதைக் காட்டுகிறது. கலிங்கத்துப்பரணியின் இராசபாரம்பரியப் பகுதி, தொன்ம மன்னரையும் வரலாற்று மன்னரையும் ஒரே மரபுவரிசையில் நிறுத்துகிறது. சோழர் செப்பேடுகளின் வடமொழிப் பகுதிகளும் இதே முறையைக் கையாள்கின்றன.

எழுத்துக்கு வெளியேயும் இது நிகழ்ந்துள்ளது. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலின் தலக்கதை இதற்குச் சிறந்த சான்று. மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறாது இவ்வூருக்கு வந்தாள். அங்கிருந்த செல்லியம்மனை அடக்கி வைத்திருந்த மந்திரவாதியை அழித்தாள். செல்லியம்மன் தன் இடத்தை அவளுக்கு அளித்து மலைக்குச் சென்றாள் என்பது வாய்மொழி வழக்கு. இளங்கோவடிகளின் காப்பியத்தில் கண்ணகி மேற்கே சேரநாட்டு மலைக்குச் செல்கிறாள். சிறுவாச்சூர் வழக்கு அவளை வடக்கே அழைத்து வந்து, ஊர்த்தெய்வத்தின் கதையோடு இணைக்கிறது. இங்கு முடிவு செய்யும் அதிகாரம் எவரிடமும் இல்லை. காப்பியத்தை இவ்வழக்கு மறுப்பதுமில்லை, காப்பியத்திற்குக் கட்டுப்படுவதுமில்லை. சேரநாட்டுக் கண்ணகியும் சிறுவாச்சூர்க் கண்ணகியும் அருகருகே நிலைபெறுகின்றனர். பின்வரும் ஒப்பீட்டிற்கு இந்நெகிழ்வு ஓர் அளவுகோலாக அமைகிறது.

கல்கி அமைத்த அடித்தளம்

கல்கியின் வரலாற்றுப் புதினங்கள் எழுதப்பட்ட வரிசையும் கதை நிகழும் வரிசையும் ஒன்றல்ல. பார்த்திபன் கனவு முதலில் வந்தது. அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளைக் கூறும் சிவகாமியின் சபதம் பின்னர் 1944இல் தொடராகத் தொடங்கியது. முதல் புதினத்தில் சிவனடியாராக மாறுவேடம் பூணும் நரசிம்மவர்மன், அடுத்ததில் இளம் மாமல்லனாகிறான். முன்னதில் சிறுத்தொண்டராக வருபவர் பின்னதில் பரஞ்சோதியாகிறார். ஒற்றைக் கையராய்த் தோன்றும் கபால பைரவரின் முன்கதை நாகநந்தியில் விரிகிறது. இன்று முன்கதைப் படம் எனப்படும் உத்தியைக் கல்கி இதழ்த்தொடர் வடிவிலேயே கையாண்டுள்ளார். பார்த்திபன் கண்ட சோழப் பெருமைக் கனவு நூற்றாண்டுகள் கடந்து இராசராசன், இராசேந்திரன் காலத்தில் நிறைவேறியது என அந்நூல் முடிவதால், 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கான வாயில் முன்னரே திறக்கப்பட்டிருந்தது.

கல்கிக்குப் பின் இவ்வுலகம் பிறர் கைக்கு மாறியது. விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி, பொன்னியின் செல்வன் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. அகிலனின் வேங்கையின் மைந்தன் இராசேந்திரனையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் மையமாக்கியது. 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் வந்தியத்தேவர் முதுமைப் பருவத்தில் வருகிறார். சாண்டில்யனின் கடல்புறா கருணாகரத் தொண்டைமானையும் பிற்காலக் குலோத்துங்கனையும் நாயகராக்கியது. பாலகுமாரனின் உடையார், தஞ்சைப் பெரியகோயில் எழுந்த காலத்தை விரித்தது.

இவ்வாசிரியர்களை ஒரு நிறுவனம் பிணைக்கவில்லை. அவர்களைப் பிணைத்தது வரலாற்றுக் காலவரிசை. அரசர் முடிசூடிய முறை, போர்கள், தலைநகர் மாற்றம் ஆகியவற்றை எவரும் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. மார்வெலில் நிறுவனம் செய்யும் பணியை இங்குக் கல்வெட்டும் செப்பேடும் செய்திருக்க வேண்டும். அப்பணி எவ்வளவு நிறைவேறியது என்பதே வினா.

வந்தியத்தேவன் இதற்கு முதற்சான்று. தஞ்சைக் கல்வெட்டு, குந்தவையின் கணவர் என்ற அளவில் வல்லவரையர் வந்தியதேவரின் பெயரைத் தருகிறது. அவரது இளமை, குறும்பு, தூதுப்பயணம் ஆகியவை கல்கியின் படைப்பு. வாசகர் மனத்தில் இருப்பவர் கல்கியின் வந்தியத்தேவன் என்பதால், பின்வந்த எவரும் அவரைத் தொடும்போது கல்கியின் மாந்தரோடு உறவாடியே ஆகவேண்டும். கல்வெட்டு பெயரைத் தந்தது. கட்டுப்படுத்தும் ஆற்றல் புதினத்திடம் சென்றது.

பழுவூர்: கல்லும் கதையும்

வந்தியத்தேவனைப் பொறுத்தவரை சான்று குறைவு. ஆகவே கற்பனை வெற்றிடத்தை நிரப்பியது எனலாம். பழுவேட்டரையர் நிலை அதுவன்று. மேலப்பழுவூர், கீழப்பழுவூர், கீழையூர் ஆகிய ஊர்களின் கோயில்களில் அவர்தம் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளன. கீழையூரின் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் இரட்டைத் தளிகளைக் கொண்ட முற்சோழர் காலக் கற்றளி வளாகம். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்றது. முதலாம் ஆதித்தன் காலம் முதல் முதலாம் இராசராசன் காலம் வரை குமரன் கந்தன், குமரன் மறவன், கந்தன் அமுதன், மறவன் கந்தன், கந்தன் மறவன் எனப் பல தலைமுறையினர் பெயர் அறியப்படுகிறது. முதலாம் பராந்தகன் பாண்டியரையும் ஈழப்படையையும் எதிர்த்த வேளூர்ப் போரில் கந்தன் அமுதன் சோழர் பக்கம் நின்றதைப் பழுவூர்க் கல்வெட்டு கூறுகிறது.

சுந்தர சோழனின் அன்பில் செப்பேடு பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்ததையும், அவ்வரசியின் மகன் அரிஞ்சயன் என்பதையும் தெரிவிக்கிறது. அரிஞ்சயன் சுந்தர சோழனின் தந்தை. அதாவது, சுந்தர சோழனுக்குப் பழுவூர் பாட்டியின் பிறந்தகம். இதே செப்பேட்டைப் பொன்னியின் செல்வனில் அநிருத்தப் பிரமராயரை அறிமுகம் செய்யும்போது கல்கி கதையோட்டத்தை நிறுத்திக் குறிப்பிடுகிறார். எனவே சான்றை அவர் அறியாதவர் அல்லர். சோழர்க்கும் பழுவூரார்க்கும் இடையிலான மணவுறவையும் அவர் மறைக்கவில்லை. எனினும் கதையின் தேவை வேறு. சுந்தர சோழன் மரபுக்கு எதிராக ஓர் அதிகார மையம் வேண்டும். அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய தனாதிகாரியாகப் பெரிய பழுவேட்டரையரும், தஞ்சைக் கோட்டைக் காவலராகச் சின்னப் பழுவேட்டரையரும், முற்றிலும் கற்பனையான நந்தினியும் அவ்விடத்தை நிரப்புகின்றனர். பெரிய பழுவேட்டரையரின் இறுதி மனமாற்றமும் மரணமும் அவரைத் துன்பியல் மாந்தராக உயர்த்துகின்றன. கல்கியின் மாந்தர் படைப்பில் இது குறிப்பிடத்தக்க வெற்றி.

ஆதித்த கரிகாலன் கொலை குறித்த உடையார்குடிக் கல்வெட்டும் இங்கு நோக்கத்தக்கது. அது சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகளாகப் பெயர் சுட்டுகிறது. பழுவேட்டரையரை அது குறிப்பிடவில்லை. கந்தன் மறவன் இராசராசன் ஆட்சியிலும் சிற்றரசனாகத் தொடர்வதும் அக்குடி அரசின் பகையாகக் கருதப்படவில்லை என்பதற்குச் சான்றாகிறது. புதினத்திலும் பழுவேட்டரையர் கொலைகாரர் அல்லர். ஆனால் சதிக்கூட்டத்தின் தலைமை அவருக்கே அளிக்கப்படுகிறது.

மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் இரு பகுதிகள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. சரத்குமாரும் பார்த்திபனும் ஏற்ற பழுவேட்டரையர் பாத்திரங்களுக்கு மூலம் பழுவூர்க் கல்வெட்டன்று, கல்கியின் புதினம். புதினத்தைத் தழுவிய படம் அவ்வாறு இருப்பதே முறை. ஆயினும் கதையுலகத்தின் ஒவ்வொரு புதிய படைப்பும் முந்தைய கதையை மூலமாகக் கொள்ளும்போது, கல்வெட்டு ஒரு படி பின்னே தள்ளப்படுகிறது. முன்னர்க் கண்ட தொலைக்காட்சித் தொடரின் நிலையைப் பழுவூர் அடைகிறது. கதையில் நிகழ்வது ஊரின் மீது படிகிறது. ஊரின் கல்லில் உள்ளது கதையை மாற்றுவதில்லை.

மறுப்பும் மதிப்பீடும்

புதினம் வரலாற்று நூலன்று, அதைச் சான்றால் அளப்பது பொருந்தாது என்னும் மறுப்பு எழக்கூடும். சிறுவாச்சூர்க் கண்ணகியை ஏற்கும் திறனாய்வு, கல்கியின் பழுவேட்டரையரை ஏன் வினவவேண்டும் எனவும் கேட்கலாம். வேறுபாடு அதிகாரத்தில் உள்ளது. சிறுவாச்சூர் வழக்கு சிலப்பதிகாரத்தின் இடத்தைக் கோரவில்லை. காப்பியம் தன் ஏட்டிலும் வழக்கு தன் கோயிலிலும் நிற்கின்றன. சோழர் கதையுலகமோ உண்மையான அரசர், உண்மையான ஆண்டு, உண்மையான ஊர் ஆகியவற்றின் மீது நம்பகத்தன்மையைப் பெறுகிறது. அந்நம்பகத்தன்மையைக் கொண்டே கற்பனை மாந்தரும் வரலாற்று மாந்தராகத் தோற்றம் பெறுகின்றனர். ஆதலின் அவ்வூர்க்கு அது பட்ட கடன் மிகுதி.

புதினங்களால்தான் பழுவூரின் பெயரே பரவலாக அறியப்பட்டது என்பதும் மறுக்கவியலாதது. கங்கைகொண்ட சோழபுரத்திற்கு 2004இல் கிடைத்த உலக மரபுச்சின்னத் தகுதி பழுவூர்க் கோயில்களுக்கு இல்லை. பொதுவாசகர் அவ்வூரை அறிவதற்குக் கதையே முதல் வழி. ஆனால் அவ்வழி சதிகாரர் ஊர் என்னும் ஒரே வாயிலில் முடியுமாயின், நூறாண்டுக்கு மேல் கற்றளி எடுத்து, அறக்கொடை அளித்து, போரில் உடன்நின்ற ஒரு குடியின் வரலாறு கதையின் ஓரக்குறிப்பாகச் சுருங்கிவிடும். கல்கியைத் திருத்துவது இதற்குத் தீர்வாகாது. அவரே செப்பேட்டைச் சுட்டிச் செல்லும் இடங்களைப் பின்வந்தோரும் திறனாய்வாளரும் வாசிப்பின் பகுதியாக்க வேண்டும்.

முடிவுரை

சோழர் வரலாற்றுப் புதினங்கள் உரிமையாளர் எவருமற்ற இணைகதையுலகமாக வளர்ந்துள்ளன. நிறுவனம் வகிக்கும் இடத்தை அங்கு வரலாற்றுக் காலவரிசை வகிக்கிறது. அரசர் வரிசையளவில் அக்கட்டுப்பாடு செயற்படுகிறது. சிற்றரசர், ஊர் ஆகிய அளவில் முதற்புதினமே சான்றின் இடத்தைப் பெற்றுவிடுகிறது. பழுவூர் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஆகவே இப்புதினங்களை ஆராய்வோர் ஒவ்வொரு மாந்தரையும் கல்வெட்டு தரும் செய்தி, முதற்புதினம் படைத்தது, பின்னைய படைப்புகள் சேர்த்தது என மூன்று அடுக்குகளாகப் பிரித்து நோக்குதல் பயன் தரும். கொடும்பாளூர் வேளிர், கடம்பூர்ச் சம்புவரையர் ஆகியோரையும் இம்முறையில் ஆராய இடமுண்டு. அவ்வாய்வு புதினத்தின் சுவையைக் குறைக்காது. கீழையூரின் இரட்டைக் கற்றளி முன் நிற்பவருக்குக் கதையோடு கல்லையும் படிக்கும் வாய்ப்பை அது அளிக்கும்.