இறங்கும்போது தெரியும் கைவண்ணம்

டோபி காட் நிலையத்திலிருந்து ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் வெளியே வந்தால், மலாயன் மோட்டார்ஸின் பழைய காட்சிக்கூடக் கட்டடம் இன்னும் நிற்கிறது. போருக்கு முந்தைய சிங்கப்பூரில் கார் வாங்க நினைத்தவர்கள் சுற்றிவந்த தெரு அது. கண்ணாடிக்குப் பின்னால் பளபளப்பும் குதிரைத்திறனும் விலைபோயிருக்கும். குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்து வாங்கியவர்கள் சிலர்தான் இருந்திருப்பார்கள். இந்தக் குணம் இன்றும் மாறவில்லை. ஸ்போர்ட் குவாட் என்கிற நான்கு சக்கரப் பந்தய பைக்கை வாங்குகிறவர் முதலில் சைலன்சரில் கை வைக்கிறார், அடுத்து எஞ்சினில். ஷாக் அப்சார்பரின் முறை கடைசியில் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை. இது தலைகீழ் வரிசை என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னால், விலை குறைந்த ஒரு குவாடைத் தாவலுக்குப் பழக்கும் சஸ்பென்ஷன் வேலை ரசித்துப் பார்க்க வேண்டிய கலை. எங்கே பார்ப்பது என்று தெரியாததால்தான் அது ரசிகர்களைச் சேர்க்கவில்லை.

சிங்கப்பூருக்குத் தாவல் புதிதல்ல. 1961 முதல் 1973 வரை பழைய அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. 4.8 கிலோமீட்டர் சுற்றில் ‘ஹம்ப்’ என்று பெயர் வாங்கிய ஒரு மேடு; வேகமாக வரும் கார்கள் அதில் தரையை விட்டு எழும்பும். காமிரா காத்திருப்பது அந்தக் கணத்துக்குத்தான். ரசிகர் காத்திருக்க வேண்டியதோ அதற்கு அடுத்த அரை நொடிக்கு. காற்றில் வண்டி போகிற விதத்தை வேகமும் மேட்டின் சரிவும் ஓட்டுநரின் உடலும் தீர்மானிக்கின்றன. இறங்கிய பிறகுதான் பட்டறைக்காரரின் கை தெரியும். நன்றாகச் சரிசெய்த குவாட் மண்ணைத் தொட்டதும் ஆழமாக அமர்ந்து, ஒரே மூச்சில் எழுந்து, அங்கேயே நின்றுவிடும். டயர் மறுபடி தரையை விடாது. சரியில்லாத வண்டியில் முதலில் இரும்போடு இரும்பு தட்டுகிற சத்தம் கேட்கும். உடனே பின்பக்கம் எகிறி ஓட்டுநரைக் கைப்பிடிக்கு மேலே தள்ளப் பார்க்கும்.

இதற்கான காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1993இல் ஹோண்டா கொண்டுவந்த டிஆர்எக்ஸ் 300இஎக்ஸ் பலருக்கு முதல் ஸ்போர்ட் குவாடாக அமைந்த வண்டி. அதன் முன்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் சுமார் 18 சென்டிமீட்டர். பந்தயத்துக்கென்றே யமஹா செய்த ஒய்எஃப்இசட் 450ஆரில் அது சுமார் 25. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழுவதாக வைத்துக்கொள்வோம். டயரையும் ஓட்டுநரின் முழங்காலையும் சேர்க்காமல் பார்த்தால், 18 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டிய வண்டி சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் ஐந்தரை மடங்கு அடியை வாங்குகிறது. 25 கிடைத்தால் நான்கு மடங்கு. ஆனால் நீளமான ஷாக்கை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர் பாதி வழியில் நிற்கிறார். ஸ்பிரிங் வாங்கிய அடியைச் சேமித்துவைத்து அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதைச் சூடாக்கிக் கரைப்பது ஷாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெய். பிஸ்டனில் துளைகள், அவற்றின் மேல் அடுக்கிவைத்த மெல்லிய எஃகு வட்டத் தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு கனம். எண்ணெய் அந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். ஒரு தகட்டை எடுத்துவிட்டு அதைவிடச் சற்றுச் சிறிய வட்டத்தை வைத்தால் வண்டியின் குணமே மாறும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குப்பியில் அழுத்தத்தோடு அடைத்த நைட்ரஜன், எண்ணெய் நுரைத்துப்போகாமல் காக்கிறது. மலிவான ஷாக்கில் தகடுகளை மாற்றியடுக்க வழியில்லை. ஸ்பிரிங்கை இறுக்கலாம், தளர்த்தலாம், அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தில் ஒரு பொறியும் உண்டு. சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கையான ஏ-ஆர்மைப் பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் நீளமாக மாட்டினால் குவாட் அகன்று நிற்கும், வளைவில் கவிழ்வது குறையும். அமெரிக்க மோட்டோகிராஸ் பந்தயங்களில் 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர், அகலத்துக்கு மேல் அனுமதியில்லை என்பதிலிருந்தே இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் கை நீண்டால் நெம்புகோலும் நீளும். பழைய ஷாக் பழைய இடத்திலேயே இருந்தால் அதே ஸ்பிரிங் இப்போது தொளதொளவென்று இருக்கும். முன்பு தாங்கிய தாவலிலேயே அடி தட்டும். கம்பீரமாக அகன்று நின்றும் மோசமாக இறங்குகிற வண்டிகள் பிறப்பது இப்படித்தான்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் 450ஐயே வாங்கிவிடலாமே என்பார்கள். காசு இருந்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் தொழிற்சாலை யாரோ ஒரு சராசரி ஓட்டுநரை நினைத்து ஸ்பிரிங் வைக்கிறது. 55 கிலோ பையனும் 90 கிலோ ஆளும் அதே ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்குமே அது சரியாக இருக்காது. விலை கூடின வண்டியும் பட்டறைக்கு வந்தே தீர வேண்டும். இன்னொரு மறுப்பு கனமானது: எல்லாமே அளவும் கணக்கும் என்றால் இதில் கலை எங்கே? கணக்கு தொடங்கும் இடத்தைத்தான் காட்டுகிறது. தொடர்ந்து வரும் சிறு மேடுகளுக்கு இளக்கமான ஷாக் வேண்டும், பெரிய தாவலுக்கு முறுக்கான ஷாக் வேண்டும். ஒரே ஷாக்கில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது. எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில் ஒவ்வொரு பட்டறைக்காரருக்கும் ஒரு பாணி உண்டு. மிருதங்க வித்வான் தொப்பியில் ரவையை அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்தெடுப்பதை யாரும் கணக்கு என்று சொல்வதில்லை.

பாதுகாப்பு பற்றிய கேள்வியை மட்டும் என்னால் முழுதாகத் தள்ள முடியாது. நல்ல சஸ்பென்ஷன் துணிச்சலைக் கூட்டும், துணிச்சல் உயரத்தைக் கூட்டும். கரடுமுரடான தரையில் ஓட்டும் மூன்று சக்கர ஏடிவி வண்டிகளால் நேர்ந்த விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையை நிறுத்த உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்ட வரலாறு இருக்கிறது. ஆனாலும் மோசமான ஷாக் யாரையும் தாவவிடாமல் தடுத்ததில்லை. இறங்கும்போது முதுகெலும்பைத்தான் தண்டித்தது. ஜொகூரிலோ பிந்தானிலோ ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் குவாடில் தாவிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்லலாம்: அந்த வண்டிகள் அதற்காகச் செய்தவை அல்ல.

குவாட் பந்தயம் பார்க்கச் சிங்கப்பூரில் இடம் எங்கே என்று கேட்டால், இந்தக் கைவேலையை வேறு சக்கரத்தில் பார்க்கலாம் என்பேன். புலாவ் உபினில் 2008இல் திறந்த கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவுக்குப் போனால், முன்ஃபோர்க்கின் காற்றழுத்தமும் எண்ணெயும் அதே வாக்குவாதத்தைச் சின்ன அளவில் நடத்திக்கொண்டிருக்கும். பல ஃபோர்க்குகளின் அடியில் சிவப்பாக ஒரு திருகு இருக்கிறது. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக மீள வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. அதைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு கிளிக் திருப்பிவிட்டு அதே மேட்டிலிருந்து மறுபடி இறங்கிப் பார்த்தால் போதும், சைக்கிள் மாறிவிட்டதோ என்று தோன்றும்.