எது உண்மையான யூனிக்ஸ்?

கணினியின் உறுப்புக்களையும் அதில் இயங்கும் நிரல்களையும் ஆளுகின்ற மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் ஆக்கத் தொடங்கிய யூனிக்ஸ் அவ்வகையில் தலையாயது. அதன் வழித்தோன்றல்கள் எனவும் போலிகள் எனவும் பல முறைமைகள் இன்று வழங்குகின்றன. அவற்றுள் உண்மையானது எது என்பது நெடுநாட் பூசல்.

மூலநிரலின் வழிவந்ததே உண்மையானது என்பார் கூற்று முதற்கண் ஏற்புடைத்துப் போலத் தோன்றும். பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் பெல் நிரலைப் பெற்று, திருத்தியும் பெருக்கியும் ஒரு கிளையை வளர்த்தனர். நாளடைவிற் பழைய வரிகளைப் பெரிதும் களைந்து தாமே புதிதாக எழுதினர். அக்கிளை பற்றி 1992 இல் எழுந்த வழக்கு 1994 இல் இணக்கத்தில் முடிந்தபோது, ஏறக்குறைய 18,000 கோப்புக்களுள் நீக்கப்பட்டவை மூன்றே. மரபு தொடர்ந்தது, எழுத்துத் தொடரவில்லை. இந்நிலையிற் குருதிவழி பேசுவதிற் பொருளென்ன?

பெயருரிமையோ ஓப்பன் குறூப் என்னும் அமைப்பினிடம் உள்ளது. அது வகுத்த விதிகளுக்கு அமைந்து, சோதனையில் தேறி, கட்டணமும் செலுத்திய முறைமையே அப்பெயரைச் சூடலாம். விதிகள் நல்லனவே, ஒரு முறைமைக்கு எழுதிய நிரல் பிறிதொன்றிலும் பெரும் மாற்றமின்றிப் பயன்பட அவை வழிசெய்கின்றன. ஆயின் அச்சான்றிதழ் கொண்டே உண்மையை அளக்கப் புகுவோர் விந்தையான இடத்திற் சென்று சேர்கின்றனர். பேர்க்கிலியின் நேர்வாரிசாகிய பிறீபிஎஸ்டிக்குச் சான்று இல்லை. அதனிடம் பெருங்கடன் கொண்ட அப்பிளின் மக் முறைமை 2007 இற் சான்று பெற்றது. லைனஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸின் வகைகளுட் பெரும்பாலன சான்றை நாடியதேயில்லை. அதே லினக்ஸைக் கருவாகக் கொண்ட ஹுவாவேயின் ஒயிலர் ஓஎஸ் 2016 இல் அதனைப் பெற்றது. பரீட்சைக்குத் தோற்றாத மாணவனைச் சித்தியெய்தாதவன் என எந்த ஆசிரியரும் எழுதுவதில்லை.

ஆகவே ஒழுகலாற்றையே அளவுகோலாகக் கொள்ளுதல் தக்கது. அதற்கும் ஓர் இடர் உண்டு. ஐபிஎம்மின் பெருங்கணினி முறைமையாகிய இசட் ஓஎஸ் முற்றிலும் வேறொரு மரபில் வந்தது. யூனிக்ஸ் அதனுள் ஒரு பகுதியாகப் பின்னர் சேர்க்கப்பட்டது. அதுவும் சான்று பெற்றதே! அப்பகுதியை யூனிக்ஸ் என்பதில் தடையில்லை. முழுவதையும் அப்பெயரால் அழைத்தல் ஓர் அறையைக் கொண்டு வீட்டுக்குப் பெயரிடுவதாகும். லினக்ஸையோ பிறீபிஎஸ்டியையோ பயில்வோர்க்கு இத்தகைய ஐயம் எழாது. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் குழாய், 1973 இல் யூனிக்ஸிற் சேர்ந்தவாறே, அவற்றில் அடி முதல் நுனி வரை வேலை செய்கின்றது.